ஞாயிற்றுக்கிழமைப் பழத்தட்டு

குழு: நம் வீடு

வெள்ளி, மாலை 6:10

அண்ணி: ஞாயிறு மாலை 5 மணிக்குப் பாப்பாவின் பிறந்தநாள் விருந்து. கேக்கைத் தவிர வேறு இனிப்பு வேண்டாம், வண்ண வண்ணமாகப் பழங்களே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். சனி இரவே எல்லாவற்றையும் நறுக்கி டப்பாவில் போட்டுவிடலாமா சித்தி?

சித்தி: எல்லாவற்றையும் நறுக்கிவிடாதே அம்மா. எதை எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் நிறம் நிற்கிறது. வடிவமெல்லாம் அப்புறம்.

சித்தி: அன்னாசி, முலாம்பழம், உரித்த ஆரஞ்சுச் சுளை மூன்றையும் சனி இரவு முடித்துவிடு. தர்பூசணி நீர் விடும், அதனால் ஞாயிறு காலை. ஆப்பிள் மதியத்துக்கு மேல். வாழைப்பழத்தைத் தட்டு மேசைக்குப் போகும்போதுதான் தொட வேண்டும். ஸ்ட்ராபெரியைக் கழுவாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கழுவிய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் இறங்கிச் சுவை போய்விடும்.

நான்: ஆப்பிளுக்கு எலுமிச்சைச் சாறு தடவினால் பாப்பா புளிக்கிறது என்று துப்பிவிடுவாள் சித்தி.

சித்தி: அப்படியானால் உப்புத் தண்ணீர். 1 லிட்டருக்கு 1 தேக்கரண்டி. துண்டுகளை 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி எடு. உப்புக் கரிக்காது.

மாமா: வெட்டியதும் செல்கள் உடைந்து, பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வெளியே வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்ததும் பழம் பழுப்பாகிறது. புளிப்பும் உப்பும் அந்த நொதியைத்தான் மட்டுப்படுத்துகின்றன.

அண்ணன்: குச்சியில் வானவில் வரிசையாகக் குத்தித் தருகிறேன். ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, அன்னாசி, கிவி, கடைசியில் கறுப்புத் திராட்சை.

பெரியம்மா: கூரான குச்சி வேண்டவே வேண்டாம். ஓடிப் பிடித்து விளையாடும் வயது. முனை மழுங்கிய குச்சியாகப் பார்த்து வாங்கு. திராட்சையை முழுதாகக் கொடுக்கக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது தொண்டையில் சரியாக அடைத்துக்கொள்ளும் அளவு. குறுக்கே வெட்டினாலும் வட்டமாகத்தான் இருக்கும், நெடுக்காக நான்காகப் பிள.

அண்ணன்: சரி பெரியம்மா. சின்னவர்களுக்குக் குச்சியே இல்லாமல் கிண்ணத்தில் வைத்துவிடுகிறேன்.

நான்: கண்ணாடிக் கோப்பையில் ஜெல்லி ஊற்றி, நடுவில் கிவியும் அன்னாசியும் தெரியும்படி வைத்தால்?

மாமா: ஜெலட்டின் என்றால் உறையவே உறையாது. ஜெலட்டின் ஒரு புரதம், சமைக்காத அன்னாசியிலும் கிவியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரில் செய். அது புரதமில்லை, தாராளமாக உறையும்.

பெரியம்மா: தயிரிலும் கிவியைக் கலந்து வைக்காதீர்கள், நேரமானால் கசக்கும். தயிர் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும், வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளட்டும்.

அண்ணன்: நட்சத்திரப் பழம் நாலு வாங்கவா? வெட்டினாலே நட்சத்திரம், தட்டின் மேலே அடுக்கினால் அமர்க்களமாக இருக்கும்.

மாமா: வாங்காதே. பெரியப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. அந்தப் பழத்திலுள்ள நச்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்றும் சொல்லாதே, ஒரே தட்டில் எல்லாச் சாறும் கலந்துவிடும்.

அண்ணன்: இது எனக்குத் தெரியவே தெரியாது மாமா. வாங்கவில்லை. தர்பூசணியை அச்சு வைத்து நட்சத்திரமாக வெட்டிவிடுகிறேன்.

பெரியப்பா: நன்றி தம்பி. எனக்கு ஆப்பிள் போதும்.

சனி, காலை 8:25

அண்ணி: ஒரு யோசனை சித்தி. இத்தனை நறுக்குகிறோம், விருந்தில் மீந்ததை எங்கள் இருவருக்கும் வாரம் முழுக்க அலுவலக டப்பாவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

சித்தி: மேசையில் இருந்து திரும்பி வந்ததை வைக்காதே. நறுக்கிய பழம் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். பெரிய தட்டு ஒன்றை வைப்பதைவிடச் சிறிய தட்டாக வைத்து, ஃபிரிட்ஜிலிருந்து நிரப்பிக்கொண்டே இரு. உங்கள் டப்பாவுக்கு உரியதை விருந்துக்கு முன்பே எடுத்து ஒதுக்கிவிடு.

அண்ணி: எத்தனை நாள் தாங்கும்?

சித்தி: அன்னாசி, முலாம்பழம் 3 நாள். அடியில் சமையலறைக் காகிதம் விரித்து, மூடி இறுக்கமான டப்பாவில் வை. சர்க்கரையோ உப்போ தூவாதே, தூவினால் உள்ளே இருக்கும் நீரெல்லாம் வெளியே வந்து பழம் துவண்டுவிடும். புதன், வியாழன், வெள்ளிக்கு மாம்பழத் துண்டுகளைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போடு. முதலிலேயே பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும். காலையில் டப்பாவில் எடுத்து வைத்தால் மதியத்துக்கு முன் இளகிவிடும்.

அண்ணி: அப்படியானால் தினமும் காலையில் எனக்குக் கத்தி வேலையே இல்லை. மனம் நிறைந்துவிட்டது சித்தி.

சித்தி: இன்னொன்று. முலாம்பழத்தையும் தர்பூசணியையும் வெட்டுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் தோலைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடு.

நான்: தோலை யாரும் சாப்பிடப் போவதில்லையே சித்தி?

சித்தி: கத்தி தோலைக் கடந்துதானே சதைக்குள் போகிறது? மேலே ஒட்டியிருக்கும் கிருமியையும் கூடவே இழுத்துச் செல்லும். முலாம்பழத்தின் சொரசொரப்பில் அழுக்கு நன்றாகத் தங்கும்.

அண்ணன்: காய்கறி தேய்க்கும் பிரஷ் நம் வீட்டில் இல்லை. பழம் வாங்கும்போது அதையும் வாங்கி வருகிறேன்.