ஜி.729 குரலில் பாக்கெட் தொலையும்போது எழும் ரீங்காரம்

கேள்வி:
குறுகிய அலைவரிசை கொண்ட ரேடியோ இணைப்பில், பாக்கெட்டுக்கு (தரவுப் பொதிக்கு) 10 மில்லிநொடி ஃபிரேம்கள் (குரல் துண்டுகள்) ஆறு வீதம், ஜி.729 கோடெக்கில் (குரலைச் சுருக்கும் முறையில்) குரலை அனுப்புகிறேன். பாக்கெட் வராதபோது, சுருக்கிய குரலை விரிக்கும் டிகோடரை நிறுத்திவைத்து, கடைசியாகக் கிடைத்த 10 மில்லிநொடி ஒலியையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறேன். பேசுபவர் யாராயினும் அந்த இடைவெளியில் ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்கிறது. இணைப்பு மீண்ட பிறகும் சற்று நேரம் குரல் பிசிறுகிறது. காரணம் என்ன?

பதில் 1:
10 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்பும் எந்த அலையும் 100 ஹெர்ட்ஸ் சுருதியைத்தான் தரும். பேசுபவரின் சுருதிக்கு அதில் இடமில்லை. டிகோடரை விட்டுவிட்டு, வெளிவந்த ஒலியலையின் மீதே வேலை செய்வதானால், ஜி.711 என்ற மற்றொரு குரல் கோடெக்குக்கான முதல் பின்னிணைப்பில் உள்ளபடி, கடைசிச் சுருதிச் சுழற்சியை (குரல் அலை ஒருமுறை திரும்பும் நீளத்தை) கண்டறிந்து அதை மட்டும் நகலெடுங்கள். அம்முறையில் முதல் 10 மில்லிநொடிக்குப் பின் ஒலி படிப்படியாகக் குறைந்து, 60 மில்லிநொடியில் முற்றிலும் அடங்கிவிடும்.

பதில் 2:
சுருதியைப் பற்றிச் சொன்னது சரி; ஆனால் ஜி.729-க்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த டிகோடர், குரலுக்கு வடிவம் தரும் வடிகட்டியின் அளவுருக்களையும் ஒலிப்பெருக்க மதிப்பையும் முந்தைய ஃபிரேம்களிலிருந்து ஊகித்தே கணக்கிடுவதால், அதை நிறுத்திவைத்தால் அடுத்து வரும் நல்ல ஃபிரேம்களும் தவறாகவே விரியும். நீங்கள் சொல்லும் பிசிறு அதுதான். ஃபிரேம் தொலைந்தது என்று டிகோடருக்கே தெரிவித்துவிடுங்கள். அது பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு, சுருதிப் பகுதியின் பெருக்கத்தை 5 மில்லிநொடி கொண்ட ஒவ்வொரு அரை ஃபிரேமுக்கும் 0.9 மடங்காகத் தணிக்கும். கடைசி ஒலி ‘ஆ’ போன்ற குரலொலியா, ‘ஸ்’ போன்ற உரசொலியா என்று பார்த்து, உரசொலியாயின் சுருதியை விட்டுவிட்டுத் தற்போக்கான இரைச்சலால் நிரப்பும்.

பதில் 3:
எவ்வளவு மறைத்தாலும், ஒரே பாக்கெட்டில் 60 மில்லிநொடி போனால் ஒரு மெய்யெழுத்து முழுதாகவே விழுங்கப்படலாம். இல்லாத மெய்யை எந்த டிகோடரும் ஊகிக்காது. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் (பாக்கெட்டைக் கொண்டுசேர்க்க உதவும் தகவல்கள்) 40 பைட் எடுப்பதால்தான் ஆறு ஃபிரேம்களை அடைக்கிறீர்கள் என நினைக்கிறேன்: அப்போது நொடிக்கு 13.3 கிலோபிட், இரண்டே ஃபிரேம் எனில் 24 கிலோபிட். இணைப்பின் இரு முனைகளும் உங்கள் கையில் இருந்தால் தலைப்புச் சுருக்கத்தைப் போடுங்கள். தலைப்பு 3 பைட்டாகச் சுருங்கினால், இரண்டு ஃபிரேம் பாக்கெட்டுக்கே 9.2 கிலோபிட்தான் ஆகும்.

கேள்வி கேட்டவர்:
இரு முனைகளும் என் பொறுப்பில்தான் உள்ளன. டிகோடருக்கு இழப்பைத் தெரிவித்ததும் ரீங்காரம் நின்றது. தலைப்புச் சுருக்கத்தை இனிமேல்தான் அமைக்க வேண்டும்.