"இவர் நம்மாளா?" விளையாட்டை குரூப்ல நிறுத்திடலாமா?

நொய்யல்காத்து:
கோவையில எங்களுக்கு ஒரு டெலிகிராம் குரூப் இருக்குங்க. நாப்பத்தோரு பேர். கே, லெஸ்பியன், பை (ஆண், பெண் ரெண்டு பேர்மேலயும் ஈர்ப்பு வர்றவங்க), இன்னும் பேர் வெச்சுக்காதவங்க எல்லாரும் உண்டு. அட்மின் நான். மாசம் ஒரு ஞாயிறு ரேஸ்கோர்ஸ்ல நடந்துட்டு டீ குடிப்போம்.

ராத்திரி பத்துக்கு மேல குரூப்ல ஒரே ஆட்டம்தான். யாராவது ஒரு நடிகர் போட்டோ போடுவாங்க. "நம்மாளா?" உடனே ஆராய்ச்சி ஆரம்பிச்சிரும்: மோதிரம், நிக்கிற தினுசு, முப்பத்தஞ்சாகியும் ஏன் கல்யாணம் பண்ணல. நானும் ஆடியிருக்கேன், சிரிப்பாத்தான் இருக்கும்.

போன மாசம் புதுசா ஒரு தம்பி சேர்ந்தான். பேசவே மாட்டான், ஸ்டிக்கர் மட்டும் போடுவான். டிபில ஒரு பொண்ணு தோள்ல கை போட்டு நிக்கிறான். "இவன் பை-யா, வேடிக்கை பாக்க வந்தவனா?"ன்னு ஒருத்தர் ஓட்டெடுப்பே வெச்சுட்டார். பதினேழு ஓட்டு. விடிஞ்சு பார்த்தா தம்பி குரூப்ல இல்ல.

உறுப்பினரைப் பத்தி மட்டும் தடை போடறதா, நடிகருங்க ஆட்டத்தையும் சேர்த்தா? ரெண்டாவதைச் சொன்னதுக்கே "அட்மின் போலீஸ் ஆயிட்டார்"ங்கறாங்க.

அரைவேக்காடு:
முப்பத்தஞ்சு வயசு, கல்யாணம் ஆகலன்னா நம்மாளா? எங்க ஆபீஸ் மேட்ரிமோனி கோஷ்டிக்கு முதல்ல இதைச் சொல்லிடறேன்.

மஞ்சப்பை:
ரெண்டும் ஒண்ணுதாங்க. நடிகர் கிட் கானர் ஞாபகம் இருக்கா? 2022 ஏப்ரல்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த ஹார்ட்ஸ்டாப்பர் தொடர்ல, தான் பை-ன்னு மெல்லத் தெரிஞ்சுக்கிற ரக்பி பையனா நடிச்சவர். அவசரப்படுத்தாதீங்கங்கறதுதான் அந்தக் கதையே. செப்டம்பர்ல ஒரு நடிகையோட கை கோத்துப் போற படம் வெளியாச்சு. அவ்ளோதான், "எங்களை வெச்சு சம்பாதிக்கிறான்"னு ஏறி விழுந்தாங்க. ட்விட்டரை விட்டே போனார். அக்டோபர் கடைசியில ஒரு நிமிஷம் திரும்பி வந்து, நான் பை, பதினெட்டு வயசுப் பையனை வாயால சொல்ல வெச்சதுக்கு வாழ்த்துகள்னு எழுதிட்டுப் போயிட்டார். அடிச்சவங்கள்ல நிறையப் பேர் அந்தத் தொடரைக் கொண்டாடின நம்ம சனந்தான். உங்க தம்பியோட டிபியும் அதே படம்தானே?

பழையகேசட்:
தடையெல்லாம் வேண்டாம் தம்பி. 1998ல பாடகர் ஜார்ஜ் மைக்கேல் அமெரிக்காவுல கைதாகி, அப்புறம் டிவியில வந்து ஆமா நான் கேன்னு சொன்னப்போ நான் திருச்சியில பி.காம். பேப்பர்ல ஒரு துண்டுச் செய்தி. கத்தரிச்சு காஸ்டிங் புக்குக்குள்ள வெச்சிருந்தேன். நம்மளைக் குத்தவாளியாக்கின 377-வது சட்டப்பிரிவு உயிரோட இருந்த காலம். குரூப்பும் கிடையாது, டீயும் கிடையாது. "அவரும் அப்படித்தானோ"ங்கற நினைப்புதான் துணை. அந்த ருசி தெரியாதவங்க சட்டம் போடக்கூடாது.

ஆனா ஒண்ணு. பாடகர் ரிக்கி மார்ட்டினை, நீங்க கேயான்னு, 2000ல பார்பரா வால்டர்ஸ் டிவி பேட்டியில விடாம கேட்டாங்க. அந்த ஆள் வெளியே சொன்னது 2010ல. கேட்டிருக்கக் கூடாதுன்னு அந்தம்மாவே பின்னாடி சொன்னாங்க. மனசுக்குள்ள நினைச்சுக்கறது வேற, மூஞ்சிக்கு நேரா கேக்கறது வேற.

தேன்மிட்டாய்:
அண்ணா, இப்பல்லாம் மனசுக்குள்ள யார் நினைக்கிறா? டேக் பண்ணித்தானே நினைக்கிறோம்.

நான் நாலு வருஷம் ஒன் டைரக்ஷன் பாட்டுக்குழுவுல இருந்த ஹாரியையும் லூயியையும் காதலர்கள்னு ஜோடி சேர்த்தவ. லூயி 2012லயே கோபமா மறுத்தார். மறுக்கறதையே ஆதாரம்னு எழுதினோம்! அப்புறம் 2017ல ஒரு பேட்டியில, எல்லாரும் எங்களையே உத்துப் பாத்ததுல எங்களுக்குள்ள இருந்த சகஜமே போயிடுச்சுங்கற மாதிரி சொன்னார். படிச்சப்போ ஸ்கூல்ல என்னையும் என் தோழியையும் பத்தி பெஞ்சுல கிறுக்கினதுதான் ஞாபகம் வந்துச்சு. நாங்க அப்புறம் ஒண்ணா சாப்பிடவே இல்ல. அதுல கொடுமை, அவ எனக்கு வெறும் தோழி.

அட்மினுக்கு: யார் அழகு, யார்மேல கிரஷ், ராத்திரி முழுக்கப் பேசட்டும். "அவன் யாரு"ன்னு ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம். நடிகருக்கும் சேர்த்து.

நொய்யல்காத்து:
நேத்து ராத்திரி ஓட்டெடுப்பு வசதியை அணைச்சுட்டேன். மூணு பேர் கோவிச்சுட்டுப் போயிட்டாங்க, வருவாங்க. பழையகேசட் அண்ணா, ஒரு ஞாயிறு ரேஸ்கோர்ஸ் வாங்க, அந்தத் துண்டுச் செய்தி இன்னும் இருந்தா கொண்டாங்க.

தம்பிக்குத் தனியா மன்னிப்பு கேட்டு எழுதினேன். ரெண்டு டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல. மேல எழுதாம விட்டது ஒண்ணு: அந்தப் பதினேழு ஓட்டுல ஒண்ணு என்னது.