லாக்கிங் ஹப்புக்குத் தமிழ்: செவ்வாய்க்குள் வேணும்

வணக்கம். கடம்பூர் மலையில் ஜீப் ஓட்டுறவங்களுக்கு ஒரு பராமரிப்புக் கையேடு எழுதிட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகுது, லாக்கிங் ஹப்பில் மாட்டிக்கிட்டு நிக்குது. முன்சக்கரத்து நடுவில் இருக்கிற திருகை 'லாக்'குக்குத் திருப்பினா, சக்கரமும் உள்ளே இருக்கிற அச்சுத்தண்டும் ஒண்ணாச் சுத்தும். 'ஃப்ரீ'யில் சக்கரம் மட்டும் உருளும்; தண்டும், அதைச் சுத்த வைக்கிற முன் டிஃபரன்ஷியல்ங்கிற பல்சக்கரப் பெட்டியும் சும்மா கிடக்கும், டீசல் மிச்சம். 'பூட்டும் சக்கர மையம்'னு எழுதி வெச்சிருக்கேன். எனக்கே பிடிக்கலை.
– கோபி

மையம் என்பது புள்ளி ஐயா, அதற்குள் கிரீஸ் வைக்க முடியாது. ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டைக்குப் பழந்தமிழில் குறடு என்று பெயர். 'பூட்டுக்குறடு' என்க. 667ஆம் குறளில் அச்சாணி இருக்கிறது, குறடு இல்லை. என் நெடுநாள் வருத்தம் அது. குறு, குறடு, குறங்கு என்ற வேர்வழியைத் தனிமடலில் விளக்குகிறேன்.
– ஈரோடு

எங்க பட்டறைக்கு வந்து 'குறடு எடு'ன்னு சொல்லிப் பாருங்க. பையன் ஆணி புடுங்குற கொறடத்தான் கொண்டாந்து நீட்டுவான். எங்கப்பாரு கட்டைவண்டி வேலை செஞ்சவருங்க, அவரு சொன்னது குடம். பேரு என்னமோ வெய்யுங்க, இத மறக்காம எழுதுங்க. பள்ளத்துத் தண்ணிக்குள்ள எறங்கி ஏறுன வண்டில ஹப்பக் கழட்டுனா கிரீஸு மோராட்டம் வெளுத்திருக்கும். தண்ணி பூந்துருச்சுன்னு அர்த்தம், தண்ணிய அடைக்கிற ரப்பரு ஓ-ரிங்க மாத்தோணும். பழசக் கழுவிப்போட்டு மெல்லிசாப் பூசுனாப் போதும். பேரிங்குக்கு அடைக்கிறாப்புல அடைச்சா உள்ள இருக்குற பல்லு வளையம் நகராது. திருகு லாக்குல நிக்கும், பல்லு புடிக்காது.
– சத்தியமங்கலம்

குடம் சரிங்க. பூட்டுன்னா கதவுப் பூட்டு மட்டுமா? மாட்டைப் பூட்டுறோம், அவுத்து விடுறோம். லாக்குன்னா பூட்டு, ஃப்ரீன்னா அவிழ். 'பூட்டுகுடம்'.
– காங்கேயம்

ஒற்று விடுபட்டிருக்கிறது.
– ஈரோடு

விடுபடலைங்க. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.
– காங்கேயம்

அவிழ்த்துவிட்ட நேரத்திலும் அது பூட்டுகுடம்தானா? 'பூட்டை உடைய குடம்' என்று கொண்டால்தான் இரண்டு நிலைக்கும் பொருந்தும். க் வேண்டும்.
– ஈரோடு

போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலையில் ஓட்டத் தோதாக 1948இலேயே அமெரிக்காவில் வார்ன் கம்பெனி இந்த ஹப்பை விற்றது. நாம் செவ்வாய்க்குள் பெயர் தேடுகிறோம்! அது இருக்கட்டும், கையால் திருகாமல் தானே பூட்டிக்கொள்ளும் வகைக்கு என்ன பெயர்?
– கோவை

தானே பூட்டிக்கிற மாட்டை நான் பார்த்ததில்லைங்க.
– காங்கேயம்

'பூட்டுக்குடம்'னே போட்டுட்டேன், முதல் தடவை மட்டும் பக்கத்திலேயே லாக்கிங் ஹப். ஒற்றோடதான். மூணு பேர் சரின்னாங்க, ரெண்டு பேர் பதிலே போடலை. தானியங்கி வகை அடுத்த பதிப்புக்கு.
– கோபி

ரெண்டு பக்கத்துத் திருகும் ஒரே நிலையில இருக்கோணும்னு எழுதுனீங்களா?
– சத்தியமங்கலம்

என் ஓட்டு இன்னும் குறட்டுக்கே. தனிமடல் வந்ததா?
– ஈரோடு