கடலூர் குடும்பம் – வாட்ஸ்அப் குழு

மஞ்சக்குப்பம் அக்கா: லீவு விட்டதுல இருந்து பையன் ஃபோனும் கையுமா இருக்கான். கார் கேம், பஸ் கேம், பைக் கேம்னு ஏத்தி வச்சிருக்கான். நாலாவது படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் சரியா? யாராவது சொல்லுங்க.

பாண்டி சித்தி: எல்லாத்தையும் டெலீட் பண்ணு. எங்க பக்கத்து வீட்டுல காயின் வாங்கறேன்னு அப்பா கார்டுல இருந்து காசு போயிடுச்சு.

நான்: எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்க வேணாம் சித்தி. அக்கா, பைக் கேம் பேரு என்ன?

அக்கா: இண்டியன் பைக்ஸ் டிரைவிங் 3டி. அதுல வர ஃபோன்ல நம்பர் அடிச்சா வண்டி வந்து நிக்குது. அந்த நம்பரையெல்லாம் கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கான்.

நான்: அதுல துப்பாக்கியும் எடுக்கலாம்க்கா. இந்த வயசுக்கு வேணாம், எடுத்துடு. பஸ் கேம் அந்த பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாதானே?

பெரியப்பா: அதை நான் பாத்தேன்மா. திருப்பாதிரிப்புலியூர் வந்தப்ப என் பக்கத்துல உக்காந்துதான் ஓட்டுனான். நம்மூரு மாதிரியே இடது பக்கம்தான் போகுது. கதவு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் இருக்கு. இவன் இண்டிகேட்டரே போடல. எதிர்ல லாரி வருது, ஓவர்டேக் ஏறுறான். ஆள் ஏத்துன பஸ் பிரேக் மிதிச்ச இடத்துல நிக்காதுடான்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஸ்டாப்புக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சான். பக்கத்துல ஆள் இருந்தா கத்துக்கறான்.

அக்கா: எனக்கு வேற பயம் பெரியப்பா. ஸ்கூட்டி சாவியை எடுத்துட்டு, தெருமுனை வரைக்கும் ஓட்டறேம்மாங்கறான்.

பெரியப்பா: சாவிய கைக்கு எட்டாம வை. 2019ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. 18 வயசு ஆகாதவன் ஓட்டி மாட்டுனா பெத்தவங்களுக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். வண்டி ஆர்.சி. 12 மாசத்துக்கு ரத்து. அவனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. தெருமுனையும் ரோடுதான்மா.

சித்தி: காசு போறதுக்கு என்ன வழி?

நான்: ப்ளே ஸ்டோர் அமைப்புகள்ல, எது வாங்குனாலும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வச்சிடுங்க சித்தி. அங்கயே குடும்பம்னு ஒண்ணு இருக்கும். அதுல பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டு 7+னு வச்சா, 12+, 16+ கேம் எதையும் அங்கேருந்து எறக்க முடியாது. ஆனா யூடியூப் லிங்க்ல இருந்து ஏபிகே, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா ஏத்துற ஆப் ஃபைல், எறக்குனா இந்தப் பூட்டு வேலை செய்யாது. புது பஸ் டிசைன் வேணும்னு புள்ளைங்க அங்கதான் போவாங்க, அதைப் பாத்துக்கணும்.

என்னைக் கேட்டா கேமை விட விளம்பரம்தான் மோசம். ஒரு ரவுண்டு முடிஞ்சா, காயின் ரெட்டிப்பாகணுமா, விளம்பரம் பாருன்னு வரும். மூடற குறி மூலையில பொடிசா இருக்கும். விரல் தவறுனா வேற ஆப் பக்கம் தெறந்துக்கும். புள்ளைங்க விட முடியாம உக்காந்திருக்கறதுக்கு இதுவும் காரணம். நெட்டை ஆஃப் பண்ணிக் குடு, நெறைய டிரைவிங் கேம் நெட் இல்லாமலே ஓடும்.

அக்கா: பைக் கேமை எடுத்துட்டேன். அழறான். பஸ் கேம் சாயந்தரம் அரை மணி நேரம், ஹால்ல உக்காந்துதான்னு சொல்லிருக்கேன்.

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை நான் பாண்டி பஸ்ல கூட்டிட்டுப் போறேன். முன்னாடி சீட்டுல உக்காந்து, டிரைவர் எப்பெப்ப கண்ணாடி பாக்கறார்னு பாக்கட்டும்.

சித்தி: வாங்க மாமா. மதியம் சாப்பாடு இங்கதான்.