சீட்டு போட்டுச் சண்டை போடும் கேம்: வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே, காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். பல்லவன் ரயிலில் சென்னை போய்வரும்போது விளையாட, கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு 2004-ல் வந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்’ பழைய கேட்ரிட்ஜ் வாங்கலாமா என்று யோசனை.

இதில் அடி, மந்திரம் எல்லாமே சீட்டுதான். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை ஓர் எண். எதிரி போட்டதைவிடப் பெரிய எண்ணைப் போட்டால் அவன் தாக்குதல் உடையும். 0 தனி ரகம்: பின்னால் போட்டால் எதையும் உடைக்கும், முன்னால் போட்டால் எதுவும் அதை உடைத்துவிடும். மூன்று சீட்டைச் சேர்த்து வீசினால் பெரிய அடி. ஆனால் அதில் முதல் சீட்டு அந்தச் சண்டை முடியும்வரை திரும்பாது. இந்தக் கணக்குதான் என்னை இழுக்கிறது.

தயக்கம் என்னவென்றால், ஓடிக்கொண்டே சீட்டும் தேட வேண்டும். நான் வளவில் உட்கார்ந்து நிதானமாக ரம்மி ஆடுகிற ஆள். அண்ணன் மகன் தன் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியைத் தருகிறேன், 2019-ல் வந்த ‘ஸ்டீம்வேர்ல்டு குவெஸ்ட்’ ஆடுங்கள் சித்தப்பா என்கிறான். அது முறை வைத்து ஆடுவது, ஆளுக்கு 8 சீட்டு, ஒரு முறைக்கு மூன்று போடலாம். ஆனால் ஸ்விட்சை ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டான்!

இரண்டும் ஆடியவர்கள் சொல்லுங்கள். முதல் கிங்டம் ஹார்ட்ஸ் ஆடாமல் கதை புரியுமா? சின்னத் திரையில் எண்கள் சட்டென்று தெரிகின்றனவா? அப்புறம், போலி கேட்ரிட்ஜை வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?