சுயதொழில் தையல், இரண்டாவது பிரசவம்: மெட்டர்னிட்டி அலவன்ஸ் 27 பவுண்டா, 187 பவுண்டா?

ஈஸ்ட்ஹாம்_ஊசி கேட்கிறார்:

வணக்கம். கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாம். வீட்டிலிருந்தே பிளவுஸ் தையல், ஆரி வேலை. 2025 ஜூன் 1-இல் தொழில் தொடங்கி வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யில் சுயதொழிலாகப் பதிந்தாயிற்று. செலவு போக மாதம் 600 பவுண்டு நிற்கும். பிரசவத் தேதி 2026 மார்ச் 18. கணவருக்குக் கிடங்கில் சம்பள வேலை, மூன்று வருடமாக ஒரே இடம். மூத்தவளுக்கு மூன்று வயது, 30 மணி நேர இலவசத் திட்டத்தில் நர்சரிக்குப் போகிறாள். யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை) மாதம் 420 பவுண்டு.

முதல் வரிக் கணக்கே இன்னும் தாக்கல் செய்யவில்லை, அதனால் மெட்டர்னிட்டி அலவன்ஸ் (மகப்பேற்றுக்கு அரசு தரும் வாரத் தொகை) வாரம் 27 பவுண்டுதான் என்று ஒருவர் சொல்கிறார். 2025-26 வீதப்படி முழுத் தொகை 187.18 வரும் என்று இன்னொருவர். எது சரி? எப்போது நிறுத்தினால் நல்லது? தை மாதக் கல்யாண ஆர்டர்களை என்ன செய்வது? மூத்தவளின் நர்சரி நேரம் போய்விடுமா?

ஹாரோ_கணக்கர்:

இருவர் சொன்னதும் சரிதான். முதலில் 27 என்று கடிதம் வரும். அதோடு விடாமல் அடுத்த வேலையைச் செய்தால் 187.18 ஆகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து நிற்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தகுதியைக் கணக்கிடுவது 66 வாரத்துக்கு. பிரசவத் தேதி விழும் வாரத்தை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்க வேண்டும். மார்ச் 18 புதன், ஆகவே வாரம் மார்ச் 15-இல் தொடங்குகிறது. உங்கள் 66 வாரம் 2024 டிசம்பர் 8 முதல் 2026 மார்ச் 14 வரை. இதற்குள் 26 வாரம் சுயதொழிலில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை, வாரத்தில் ஒரு பகுதி வேலை செய்திருந்தாலும் அது முழு வாரம்தான். ஜூன் 1-இல் தொடங்கியவருக்கு டிசம்பரிலேயே 26 வாரம் கடந்துவிடும்.

அடுத்தது நேஷனல் இன்சூரன்ஸ். அதே 66 வாரத்தில் குறைந்தது 13 வாரத்துக்கு கிளாஸ் 2 (சுயதொழில் செய்பவர் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் பங்களிப்பு) பதிவில் இருந்தால் முழு வீதம். உங்கள் முதல் வரியாண்டு 2026 ஏப்ரல் 5-இல்தான் முடிகிறது, அதற்குப் பிறகே கணக்குத் தாக்கல் செய்ய முடியும். எனவே இப்போது உங்கள் பெயரில் கிளாஸ் 2 ஒரு வாரம்கூட இருக்காது. போதாதற்கு, 2025-26 வரியாண்டில் லாபம் 6,845 பவுண்டைத் தாண்டினால்தான் கட்டியதாகத் தானாகவே கொள்வார்கள். உங்களுக்குப் பத்து மாதத்தில் 6,000 சுமார். தாண்டாது.

அதனால் அலவன்ஸைத் தரும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. 27 பவுண்டு என்று எழுதும். பிறகு எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து, கிளாஸ் 2-ஐ முன்கூட்டியே கட்டுவது எப்படி என்று தனிக் கடிதம் வரும். 2025-26 வரியாண்டுக்கு வாரம் 3.50 வீதம் 13 வாரத்துக்கு 45.50 பவுண்டு. அந்தக் கடிதத்தில் இருக்கும் குறிப்பு எண்ணைப் போட்டே கட்டுங்கள். உங்கள் வழக்கமான வரிக் கணக்கு எண்ணில் கட்டினால் காசு போய்ச் சேரும், ஆனால் அலவன்ஸ் கணக்கில் ஏறாது. வீதம் 27-லேயே நிற்பதற்கு அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான்.

39 வாரத்துக்கு 27 என்றால் 1,053 பவுண்டு. 187.18 என்றால் 7,300. இடையில் நிற்பது அந்த 45.50தான்.

விண்ணப்பப் படிவம் எம்.ஏ.1. கர்ப்பம் 26 வாரம் ஆனதும் அனுப்பலாம், உங்களுக்கு டிசம்பர் இரண்டாம் வாரம். அதோடு மருத்துவச்சி தரும் மாட்-பி1 சான்றிதழின் அசல் வேண்டும். பிரசவ வாரத்துக்கு 20 வாரம் முன்பிருந்து அதை எழுதித் தருவார்கள், உங்களுக்கு அக்டோபர் 26-க்குப் பிறகு. அடுத்த சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 20 வேலை நாளுக்குள் முடிவு வர வேண்டும். முடிவு தவறென்று பட்டால் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அலவன்ஸ் தொடங்கும் நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்து விண்ணப்பித்தால் பழைய வாரங்கள் போய்விடும்.

அலவன்ஸுக்கு வருமான வரி இல்லை, வரிக் கணக்கிலும் காட்ட வேண்டாம். வாங்கும் வாரங்களுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டும் விழும்.

பருத்தித்துறை_பிள்ளை:

தங்கச்சி, கணக்கர் ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற ஆளெண்டால் அந்த 187 அப்படியே கையில் நிக்காது, அதையும் பாருங்கோ.

வேலை குடுக்கிற இடத்தால வாற மகப்பேற்றுச் சம்பளத்தை யூ.சி. உழைப்பு வருமானமாகப் பார்க்கும், ஒரு பவுணுக்கு 55 பென்ஸ்தான் வெட்டும். மெட்டர்னிட்டி அலவன்ஸ் அப்படியில்லை. பவுணுக்குப் பவுண் முழுசா வெட்டும். வாரம் 187.18 எண்டால் மாசக் கணக்கில் 811.11.

உங்கட எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்பம். இப்ப 420. நீங்கள் தையலை நிப்பாட்டினால் 600 பவுண் வருமானம் இல்லாமல் போகும், அதில 55 சதவீதம், அதாவது 330, யூ.சி.யில் கூடும். மொத்தம் 750. அதில 811 வெட்டினால் ஒண்டும் மிஞ்சாது. பிள்ளை பிறந்த பிறகு இரண்டாவது பிள்ளைக்கான பங்கு, 2025-26 வீதப்படி 292.81, சேரும். அப்ப 1,042.81, அதில 811.11 போக 231.70 வரும். இது மனுசன்ர சம்பளம் மாறாமல் இருந்தால்தான்.

அதனால பிறக்க முன்னம் நிப்பாட்டுற மாசங்களில யூ.சி. சுழியமாகும். பயப்படாதேங்கோ. பிள்ளை பிறந்ததும் அந்த மாசக் கணக்கு முடியிறதுக்குள்ள உங்கட யூ.சி. இணையக் கணக்கில இருக்கிற ஜர்னலில் போடுங்கோ. சுழியமான ஆறு மாசத்துக்குள்ள எண்டால் திரும்பக் கோருறது லேசு. கவுன்சில் வரியில தள்ளுபடி எடுக்கிறீங்களெண்டால் கவுன்சிலுக்கும் வேறயாச் சொல்ல வேணும், ஒருத்தருக்குச் சொன்னால் மற்றவைக்குத் தானாப் போகும் எண்டு இருக்காதேங்கோ.

எப்ப தொடங்குறது எண்ட கேள்விக்கு இந்தக் கணக்கே பதில். வேலை செய்யிற மாசம் 600-உம் 420-உம் சேர்ந்து 1,020. அலவன்ஸ் மட்டும் எண்டால் 811. உடம்பு இடம் குடுத்தால் பிந்தித் தொடங்குறது நல்லம். ஆகவும் முந்தினது 11 வாரம் முன்னம், உங்களுக்கு டிசம்பர் 28. அண்டைக்குத் தொடங்கினால் 2026 செப்டம்பர் 26-ஓட 39 வாரம் முடியும். மார்ச் 1 எண்டால் நவம்பர் 28 வரைக்கும் ஓடும். கடைசி நாலு வாரத்தில கர்ப்பத்தால வேலை செய்யேலாமல் போனால் அதோட தானாத் தொடங்கும். பிள்ளை முந்திப் பிறந்தால் அடுத்த நாளிலிருந்து.

ஷுவர் ஸ்டார்ட் எண்ட ஒருமுறை மகப்பேற்று உதவி 500 பவுணுக்கும் போடுங்கோ, யூ.சி. இருக்கிறபடியால் கிடைக்கும்.

ஹாரோ_கணக்கர்:

அக்கா, அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். ஷுவர் ஸ்டார்ட் கிராண்ட் பொதுவாக முதல் குழந்தைக்குத்தான். வீட்டில் 16 வயதுக்குக் கீழ் வேறு பிள்ளை இருந்தால் கிடைக்காது. இரட்டைக் குழந்தை போன்ற சில விலக்குகள் உண்டு. இவருக்கு மூன்று வயதுப் பிள்ளை இருப்பதால் எஸ்.எஃப்.100 படிவத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) உறுதியாகக் கிடைக்கும்: 2025-26 வீதப்படி இரண்டாவது பிள்ளைக்கு வாரம் 17.25. பிறந்து மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதற்கு மேல் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள்.

பருத்தித்துறை_பிள்ளை:

சரி ஐயா, மூத்த பிள்ளையை மறந்திட்டன். அந்த வரியை விட்டிடுங்கோ தங்கச்சி.

நூலும்_காஜாவும்:

ஆர்டர் பக்கம் நான் சொல்கிறேன், அங்கேதான் அலவன்ஸ் அறுந்து போகிறது.

அலவன்ஸ் வாங்கும் 39 வாரத்தில் 10 நாள் வேலை செய்யலாம், கீப்பிங் இன் டச் நாள் என்பார்கள். பதினோராம் நாளிலிருந்து பிடிப்பார்கள். அரை மணி நேரம் கொக்கி தைத்தாலும் அது ஒரு முழு நாள். அவர்கள் பார்ப்பது நாளை, சம்பாதித்த தொகையை அல்ல. ஆகவே திங்கள் ஓர் அளவெடுப்பு, புதன் ஒரு ஃபிட்டிங், சனி ஒரு டெலிவரி என்று சிதறவிட்டால் மூன்றே வாரத்தில் ஒன்பது நாள் தீர்ந்துவிடும். மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் அடுக்குங்கள். ஒரு நோட்டில் தேதி, என்ன வேலை, யாருக்கு என்று எழுதி வையுங்கள். கேட்டால் காட்டலாம்.

தை பிறப்பது ஜனவரி நடுவில். மார்ச் 1-இல் நிறுத்துவதாக இருந்தால் ஆரி வேலை உள்ள பிளவுஸுக்கு ஜனவரி 20-க்குப் பிறகு வாக்குக் கொடுக்க வேண்டாம். கை நிறைய ஜர்தோசி என்றால் ஒரு பிளவுஸுக்கே பத்து நாள் போகும். எட்டாம் மாதத்தில் ஆரித் துணியை இழுத்துக் கட்டும் காட் கட்டையின்மேல் குனிந்து நான்கு மணி நேரம் உட்கார முடியாது, அதனால் வழக்கமான நாள் கணக்கை ஒன்றரை மடங்காக்கிப் போடுங்கள். சாதா லைனிங் பிளவுஸ் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை எடுக்கலாம். கடைசி ஃபிட்டிங் பிப்ரவரி 21-க்குள். மீதி ஒரு வாரம், திருத்தம் கேட்டு வருபவர்களுக்கு.

முன்பணத்தில் கவனம். அலவன்ஸுக்கு, முன்பு முடித்த வேலையின் பாக்கி மார்ச்சில் வந்தாலும் பிரச்சினை இல்லை. யூ.சி.க்கு அப்படியில்லை: காசு கைக்கு வந்த மாதத்தில்தான் வருமானம். வைகாசி முகூர்த்தத்துக்கு இப்போதே முன்பணம் வாங்கினால் இந்த மாத யூ.சி. குறையும், பிறகு தைக்கும் நாளில் கீப்பிங் இன் டச் நாளும் போகும். வாங்காமல் இருப்பதே மேல். வேறொரு தையல்காரரிடம் அனுப்பிவிடுங்கள். அவருடைய பில் அவர் பெயரில், காசும் அவருக்கே போகட்டும்.

மேனர்பார்க்_வாசகி:

நர்சரிக் கேள்வி விட்டுப்போயிற்று. அலவன்ஸில் இருக்கும்போது மூத்த பிள்ளையின் 30 மணி நேரம் தொடரும், அவளுக்காக நீங்கள் விடுப்பில் இல்லையே. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரத்தை மறுபடி உறுதி செய்ய வேண்டும். பிரசவ வாரத்தில் அந்தத் தேதி விழுந்தால் மறந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தேதியைப் பார்த்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியது வேலைக்குத் திரும்பும்போது. இந்தத் திட்டத்துக்கு வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவு வருமானம் வேண்டும், 2025-26-இல் மூன்று மாதத்துக்கு 2,539 பவுண்டு. உங்கள் 600 பவுண்டு அதற்குப் போதாது. இப்போது கிடைப்பது, தொழில் தொடங்கி முதல் 12 மாதத்துக்கு இந்த வருமான நிபந்தனை இல்லை என்பதால். அந்தச் சலுகை 2026 மே-யோடு முடிகிறது. திரும்பும்போது மூன்று மாத வருமானம் எட்டாவிட்டாலும், அந்த வரியாண்டின் சராசரி எட்டினால் போதும். அதுவும் இல்லையென்றால் மூத்தவளுக்கு எல்லோருக்கும் உள்ள 15 மணி நேரம் மட்டுமே. சின்னதையும் ஒன்பது மாதம் ஆனபின் இதே திட்டத்தில் சேர்க்கலாம். அந்த ஒன்பது மாதம் ஆவது 2026 டிசம்பர் 18; ஜனவரிப் பருவத்துக்கு இடம் வேண்டுமானால் டிசம்பர் 31-க்குள் திட்டத்துக்கான தகுதிக் கோட் (குறியீட்டு எண்) கையில் இருக்க வேண்டும். நர்சரியில் பெயர் போடுவதை அதற்குப் பல மாதம் முன்பே செய்யுங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விசாவில் பொது நிதி கூடாது என்று இருந்தாலும், சுயதொழில் செய்ய அனுமதி இருந்தால் மெட்டர்னிட்டி அலவன்ஸ் கேட்கலாம். அது நேஷனல் இன்சூரன்ஸ் அடிப்படையில் வருவது, பொது நிதிப் பட்டியலில் இல்லை. யூ.சி.யும் சைல்ட் பெனிஃபிட்டும் அந்தப் பட்டியலில் உண்டு, அவற்றைத் தொடக்கூடாது.

ஈஸ்ட்ஹாம்_ஊசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மார்ச் 1 என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி: ஆவணி முகூர்த்தங்களுக்காக ஆகஸ்ட் கடைசியில் திரும்பினால், மீதி வாரங்கள் வீணா? கணவர் எடுக்க முடியுமா?

ஹாரோ_கணக்கர்:

எடுக்கலாம். மார்ச் 1-இல் தொடங்கி 26 வாரம் ஆகஸ்ட் 29-இல் முடியும். மீதி 13 வாரத்தை அவர் பகிர்ந்த பெற்றோர் விடுப்புச் சம்பளமாக வாங்கலாம், 2025-26 வீதப்படி வாரம் 187.18 அல்லது அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது. 2026 ஏப்ரலில் வீதம் மாறும். ஒரே இடத்தில் மூன்று வருடம் என்பதால் அவருடைய பணிக்காலம் போதும். அலவன்ஸை முடித்துக்கொள்ளும் தேதியை நீங்கள் ஜாப்சென்டருக்கு (டி.டபிள்யூ.பி.யின் அலுவலகம்) எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அவர் தன் நிறுவனத்துக்கு எட்டு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும், அதாவது ஜூலை 4-க்குள். முடிக்கும் தேதியைக் கொடுத்தபின் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. அவருடைய இரண்டு வாரத் தந்தையர் விடுப்பை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.