கிராம செவிலியருக்கு டேப்: உதவியா, உபத்திரவமா?

கோவை_நிரலன்: டேப்பில், அதாவது கையடக்கக் கணினியில், செவிலியர் அறிகுறிகளைப் பதிந்தால் ‘இது நிமோனியாவாக இருக்கலாம், மருந்து கொடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு’ என்று வழிகாட்டும் செயலிகளுக்கு என் முழு ஆதரவு. தான்சானியாவில் அப்படி ஒரு செயலியோடு சின்ன இரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் குழந்தைகளைப் பார்த்தார்கள். வழக்கமாக 100க்கு 95 குழந்தைகளுக்கு எழுதிய ஆன்டிபயாடிக் 11 ஆகக் குறைந்தது, குணமாவதில் குறையே இல்லை.

மலைச்செவிலி: தம்பி, நான் அந்தியூருக்கு மேலே மலையில் வேலை பார்க்கிறேனுங்க. போன ஐப்பசி மழையில் எட்டு மாசக் குழந்தை ஒன்று, இருமல், பாலும் குடிக்கவில்லை. அம்மா மடியில் வைத்துச் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு நிமிஷம் எண்ணினேன், 58. அந்த வயசுக்கு 50 வந்தாலே வேகமூச்சு, நிமோனியாவுக்கு அறிகுறி. டேப்போ அம்மாவின் செல் நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவே இல்லை. அவரிடம் போனே கிடையாது, பேசுவதும் கன்னடம். என் நம்பரைப் போட்டுத் தள்ளினால், சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மருந்து முதல் வேளை கொடுத்து, ஜீப் பிடித்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கித்தான் பதிந்தேன். அந்தப் பதிவு யாருக்கு?

கோவை_நிரலன்: அக்கா, அது செயலி எழுதினவங்க தப்பு, சிக்னல் இல்லாமலே ஓடுகிற மாதிரி எழுத முடியும். 50 உங்களுக்கு மனப்பாடம், சரி, போன மாசம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு?

ஈரோட்டு_டாக்டர்: ஹரியானா, கர்நாடகாவில் 40 சமூக சுகாதார நிலையங்களில் பிபி, சர்க்கரை நோயாளிகளுக்கு டேப்பில் வழிகாட்டும் எம்வெல்கேர் என்ற கருவியைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, கருவி இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் பிபியும் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் பயிற்சி பெற்ற செவிலியர் இருந்தார். காசை முதலில் எங்கே போடுவது என்று அதிலேயே தெரியவில்லையா?

கோவை_நிரலன்: அது பிபி, சர்க்கரை, வருஷக்கணக்கில் பார்ப்பது. மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு அரை மணி நேரத்தில் முடிவெடுக்கணும், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீங்க டாக்டர்.

மலைச்செவிலி: அந்தப் புதுப் பெண்ணுக்கு வேணும், ஒத்துக்கறேன். அப்படின்னா ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு தட்டு தட்டினால் அதுவே எண்ணிச் சொல்லட்டும், அம்மாவிடம் கன்னடத்தில் பேசட்டும், நம்பரை அப்புறம் கேட்கட்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள், ஒரு புதன் மேலே வாங்க தம்பி, டேப்பை உங்க கையில் தர்றேன்.